ஆஸ்திரேலியாவுக்குப் படகில் போன இலங்கை அகதிகள் யாரையாவது நேரில் தெரியுமா?

கானாடுகாத்தான்காரன்:
2014-ல் எங்கள் ஐயா வீட்டு நிலைக்கதவுக்கு வார்னிஷ் அடிக்க அகதி முகாமிலிருந்து ஓர் இலங்கைத் தம்பி வந்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க பர்மா தேக்கின் ரேகை எழும்பி வரும். அதைப் பார்க்கவே பக்கத்தில் நிற்பேன். முகாமில் 'செக்கிங்' (ஆள் கணக்கெடுப்பு) என்றால் மட்டும் மதியமே கிளம்பிவிடுவார்.

அந்த ஜூலை முழுக்க அவருக்கு வேலையில் மனசே இல்லை. மச்சான் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய படகில் போயிருந்தார். குழந்தைகளும் சேர்த்து 157 பேர். கிறிஸ்துமஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பல் மறித்து ஏற்றிக்கொண்டது. அப்புறம் சத்தமே இல்லை. அப்படியொரு படகு இருந்ததையே முதலில் அந்த அரசு ஒப்புக்கொள்ளவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் கடலிலேயே வைத்திருந்தார்கள். அதிலும் நாளின் பெரும்பகுதி ஜன்னல் இல்லாத அறையில்.

"தாண்டிருந்தா ஆராவது சொல்லியிருப்பினம்தானே அண்ணை?" என்பார். தாண்டு போறது என்றால் மூழ்குவது. எனக்கு முதலில் புரியவில்லை, தலையாட்டிவிட்டேன்.

கடைசியில் ஆஸ்திரேலியக் கரைக்குக் கொண்டுவந்து, இந்திய அதிகாரிகளைப் பாருங்கள் என்றார்களாம். மறுத்ததும் இரவோடு இரவாக, ஆஸ்திரேலியா அகதிகளை அடைத்துவைத்த நவ்ரு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கேயே திரும்பி வரலாமே என்று கேட்டுவைத்தேன். "இங்கை பிறந்த என்ர பிள்ளையும் அகதிதான் அண்ணை" என்றார். தூரிகை நிற்கவில்லை.

தேவகோட்டை ரஸ்தா:
அதே சமயம் இன்னொரு படகும் மாட்டியது. அதிலிருந்த 41 பேரைக் கப்பலிலேயே நாலு கேள்வி கேட்டுவிட்டு, மட்டக்களப்புக்கு வெளியே கடலில் வைத்து இலங்கைக் கடற்படையிடமே ஒப்படைத்தார்கள். யாரிடமிருந்து ஓடினார்களோ அவர்களிடமே! ஆனால் அதில் தமிழர் 4 பேர்தான், மீதி சிங்களர். இதைச் சொன்னால் டீக்கடையில் நம் ஆட்களே என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி பேரன்:
157 பேர் வழக்கில் 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், அப்படி அடைத்துவைத்தது சட்டப்படி செல்லும் என்றது. நீதிபதிகளில் 4 பேர் செல்லும், 3 பேர் செல்லாது என்று பிரிந்தார்கள். 2021-ல் இந்தியப் பெருங்கடலில் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த டியாகோ கார்சியா தீவில் மாட்டிய நம் ஈழத்தமிழர்களுக்கு வேறு மாதிரி. மூன்று வருஷம் கழித்து, 2024 டிசம்பரில், அடைத்துவைத்ததே சட்டவிரோதம் என்று அந்தப் பகுதியின் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. கானாடுகாத்தான் அண்ணே, அந்த மச்சான் என்ன ஆனார்?

கானாடுகாத்தான்காரன்:
நவ்ருவிலிருந்து ஒருமுறை போன் வந்தது என்றார். அதற்குமேல் தெரியாது தம்பி. வார்னிஷ் இரண்டாவது கோட்டு அடித்து முடிந்ததும் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். என் போனில் அவர் நம்பர் இன்னும் 'வார்னிஷ்' என்றுதான் இருக்கிறது. அடித்தால் போவதில்லை.