“எங்க ஊர்ல எல்லாரும் பயிற்சி எடுத்தவங்க” – அப்படியா சாமி?

எடிசன் எழிலி:
நம்ம மன்றத்துப் பொங்கல் விழா இழையில ஒரு டெக்ஸாஸ்காரர் போற போக்குல இதைத் தட்டிவிட்டுப் போயிருக்கார்: “எங்க ஊர்ல துப்பாக்கி வெச்சிருக்கிறவன் எல்லாம் பொறுப்பா பயிற்சி எடுத்தவன். உங்க நியூ ஜெர்சி மாதிரி தொடைநடுங்கி ஊர் இல்ல.” அங்கேயே பதில் சொன்னா பானை உடையும்னு தனி இழை போடுறேன். டெக்ஸாஸ்ல 2021 செப்டம்பர் 1-லேருந்து, சட்டம் தடுக்காத, 21 வயசு ஆனவர் உரிமமே இல்லாம கைத்துப்பாக்கியை இடுப்புல செருகிக்கிட்டு நடக்கலாம். பயிற்சி? பூஜ்யம். ஆசைப்பட்டு உரிமம் எடுக்கிறவருக்கு? நாலு மணி நேரம். அதே ஊர்ல முடி வெட்ட உரிமம் வேணும்னா 1000 மணி நேரம் படிக்கணும்.

டல்லாஸ் தாண்டவன்:
அந்த டெக்ஸாஸ்காரர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். நாலு மணி நேரம் இல்லம்மா, நாலுலேருந்து ஆறு. அதுவும் வகுப்புக்கு மட்டும். சுட்டுப் பழகுற ரேஞ்ச் தனி. 50 குண்டு சுட்டுக் காட்டணும். 3 கஜத்துல 20, 7 கஜத்துல 20, 15 கஜத்துல 10. 250-க்கு 175 எடுத்தாத்தான் பாஸ். நான் 248. தெரியாததைப் பேசாம இருக்கிறதும் ஒரு பொறுப்புதான்.

எடிசன் எழிலி:
3 கஜம்னா ஒன்பது அடி. எங்க வீட்டு சோபாவுக்கும் டிவிக்கும் நடுவுல அவ்வளவுதான் இருக்கு. அந்தத் தூரத்துல ஆள் உயரக் காகிதத்தைச் சுட்டதுக்கா இவ்வளவு பெருமை? வகுப்பை வீட்ல பைஜாமாவோட இணையத்துலயே முடிச்சுடலாம்னு சொல்ல மறந்துட்டீங்களே. ஆக மொத்தம் நாலு மணி நேரம்.

டல்லாஸ் தாண்டவன்:
இணையத்துல படிச்சாலும் நேர்ல வந்து சுடணும். ரேஞ்ச் தனி. ரே-ஞ்-ச் த-னி.

சும்மா ஒரு சுந்தரம்:
நண்பர்களே, முதல்ல ‘பயிற்சி’ன்னா என்னன்னு வரையறுத்துக்கலாமா? குறி பார்க்கிறதா, சட்டம் தெரிஞ்சுக்கிறதா, பூட்டி வைக்கிறதா?

சிகாகோ பூனை:
ஆயுத உரிமை பத்தி அமெரிக்க அரசியல் சட்டத்துல 1791-ல சேர்த்த இரண்டாம் திருத்தத்துல இருக்கிறதே 27 சொல்லு. அதுல ‘நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட’ படைன்னுதான் ஆரம்பம். உங்க ஆளுங்க அந்தப் பாதியை மென்னு முழுங்கிட்டு மீதியை மட்டும் பம்பர்ல ஒட்டிக்கிறாங்க.

டல்லாஸ் தாண்டவன்:
பூனை வந்தாச்சு. டெஸ்லா இழையில பதில் சொல்லாம பாதியில ஓடினவர்தானே நீங்க? 2008 ஹெல்லர் தீர்ப்பைப் படிங்க. படையில இல்லாத தனி மனுஷனுக்கும் உரிமை உண்டுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. பயிற்சியைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க. 1871-ல என்.ஆர்.ஏ.ங்கிற துப்பாக்கிக்காரங்க சங்கத்தைத் தொடங்கினதே, சிப்பாய்ங்களுக்குக் குறி பார்க்கத் தெரியலையேன்னு உள்நாட்டுப் போர்ல நொந்துபோன வடக்குப் படை அதிகாரிங்கதான்.

சிகாகோ பூனை:
ஓடல, தூங்கப் போனேன். எனக்கு வேலை இருக்கு. என்.ஆர்.ஏ. கதையை 1977 சின்சினாட்டி கூட்டத்தோட சேர்த்துச் சொல்லுங்க. குறி பார்க்கக் கத்துக்கொடுத்த சங்கம் ஓட்டுக் குறி பார்க்க ஆரம்பிச்சது அங்கதான். இன்னொண்ணு. 1967-ல கலிபோர்னியாவுல கறுஞ்சிறுத்தைகள்ங்கிற கறுப்பின அமைப்பு துப்பாக்கியோட சட்டசபைக்குள்ள போனதும், குண்டு போட்ட துப்பாக்கியைப் பொது இடத்துல தூக்கிட்டுத் திரியக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டது யாரு? அப்ப கவர்னரா இருந்த உங்க ரீகன்.

டல்லாஸ் தாண்டவன்:
உங்க கமலா ஹாரிஸே க்ளாக் கைத்துப்பாக்கி வெச்சிருக்கேன்னு டிவியில சொன்னாங்க. அவங்க தாத்தா ஊர் துளசேந்திரபுரத்துல பூஜை போட்டப்ப அந்தத் துப்பாக்கிக்கும் சேர்த்தா பொட்டு வெச்சீங்க?

ஆஸ்டின் அப்பாவி:
ஒரு சின்ன சந்தேகம். நான் ஹெச்-1பி வேலை விசாவுல இருக்கேன். என்னால துப்பாக்கி வாங்க முடியுமா?

எடிசன் எழிலி:
தம்பி, கூடாது. கிரீன் கார்டு வரட்டும்.

டல்லாஸ் தாண்டவன்:
தப்பு. வேட்டை உரிமம் இருந்தா வாங்கலாம், கூட்டரசுச் சட்டத்துலயே அந்த விலக்கு இருக்கு. எழிலிக்கு இதுவும் தெரியல. நாலு மணி நேர வகுப்புல உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

சிகாகோ பூனை:
ஹா! நீங்களே ‘நாலு மணி நேரம்’னு சொல்லிட்டீங்க!

டல்லாஸ் தாண்டவன்:
வகுப்பு நாலு. ரேஞ்ச் தனி. படிச்சுட்டுச் சிரிங்க.

ஆஸ்டின் அப்பாவி:
அண்ணே, நான் சைவம். வேட்டை உரிமம் எடுத்தா மான் சுட்டே ஆகணுமா?

எடிசன் எழிலி:
248-ஐ விடுங்க. நான் எதுக்கு எரிச்சல் படுறேன்னு ஒருத்தருக்கும் புரியல. போன மாசம் பையனை அவன் வகுப்புத் தோழன் வீட்டுக்கு விளையாட அனுப்பினேன். “நாய் இருக்கா? வேர்க்கடலை ஒத்துக்காது”ன்னு சொல்லிட்டு, அதே மூச்சுல “துப்பாக்கி பூட்டி இருக்கா?”ன்னு கேட்டேன். அந்தம்மா முகம் மாறலை. படுக்கையறை அலமாரி, மேல் தட்டு, சாவி அவர்கிட்டன்னு உப்பு டப்பா இருக்கிற இடம் மாதிரி சொன்னாங்க. 2021-ல இந்த நாட்டுல துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேர். அதுல பாதிக்கு மேல தற்கொலை. 15 கஜத்துல குறி தவறாம சுடுறது அதுக்கு என்ன பண்ணும்?

டல்லாஸ் தாண்டவன்:
அந்தம்மா பூட்டித்தானே வெச்சிருக்காங்க? அதைத்தான் நானும் பொறுப்புன்னு சொல்றேன். எங்க வகுப்புல பத்திரமா வைக்கிறதும் பாடம். முதல் நாள் ரேஞ்ச்ல சுட்ட குண்டோட சூடான பித்தளைக் கூடு என் சட்டைக் காலருக்குள்ள விழுந்துச்சு. கழுத்து பொசுங்குது. குதிக்கலை. குழலைத் திருப்பலை. விரலை எடுத்து, துப்பாக்கியைக் கீழ வெச்சுட்டுத்தான் கையை உள்ள விட்டேன். அதுக்குப் பேர் பயிற்சி. தழும்பு இன்னும் இருக்கு. உங்க ஊர்ல ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி அனுமதி, விண்ணப்பம் விண்ணப்பமா நிரப்புறீங்க. பேனா பிடிக்கத்தான் பயிற்சி.

சிகாகோ பூனை:
காலர் உள்ள சட்டையோட ரேஞ்சுக்குப் போனதே பயிற்சி இல்லாததாலதான்.

டல்லாஸ் தாண்டவன்:
நீங்க ரேஞ்ச் வாசலையாவது மிதிச்சிருக்கீங்களா?

சிகாகோ பூனை:
மூணு தடவை. 2019-ல.

டல்லாஸ் தாண்டவன்:
எவ்வளவு எடுத்தீங்க?

சிகாகோ பூனை:
அது இங்க தேவையில்ல.

சும்மா ஒரு சுந்தரம்:
வரையறை...

எடிசன் எழிலி:
சுந்தரம் சார், கொஞ்சம் இருங்க. தாண்டவன், உரிமமே எடுக்காம செருகிக்கிட்டுப் போறவனுக்கு எத்தனை மணி நேரம்? இதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லல.

டல்லாஸ் தாண்டவன்:
நீங்க 1000 மணி நேரத்துல ஆரம்பிச்சீங்க, அங்கேயே வாங்க. முடி வெட்டுறது இரண்டாம் திருத்தத்துல இருக்கா? இல்ல. அப்புறம் நான் சொன்னதை முழுசா எழுதுங்க. ரேஞ்ச் தனி.

ஆஸ்டின் அப்பாவி:
மான் விஷயம் யாருமே சொல்லலையே...