கொக்கிக் கை அதிபர்கள்: உங்கள் வீட்டில் யாராவது நம்பினார்களா?

மயூர் விஹார் மாப்பிள்ளை:
அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஜான் ஹாட்ஜ்மன் வேண்டுமென்றே பொய்த் தகவல்களாக அடுக்கிய புத்தகம்தான், 'The Areas of My Expertise', 2005இல் வந்தது. டெல்லி மகிளா ஹாட் ஞாயிறு பழைய புத்தகச் சந்தையில் கிலோ கணக்கில் அள்ளியபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், ஜனவரிக் குளிருக்குப் பயந்து வெளியே போகாமல் அதை எடுத்துக்கொண்டார். தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், பென்சில் இல்லாமல் படிக்க மாட்டார். ஒன்பது அமெரிக்க அதிபர்களுக்குக் கைக்குப் பதில் கொக்கி இருந்தது என்ற இடம் வந்தது. கண்ணாடியைக் கழற்றினார். "அதான் மாப்ள, பழைய போட்டோல எல்லாம் ஒரு கையைக் கோட்டுக்குள்ள விட்டுக்கிட்டு நிக்கிறாங்க" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி டீப்பாய் மேல் வைத்தார், அப்புறம் தொடவே இல்லை. நம்பித்தான் சொன்னாரா, என்னை ஓட்டினாரா? இரண்டு வருஷமாக அரிக்கிறது.

ஆர்.கே.புரம் அக்கா:
எங்கள் காலனி பொங்கல் விழாவில் 'மெய்யா பொய்யா' நடத்தினேன். கொக்கி அதிபர்களைச் சொன்னேன், பாதிப் பேர் 'மெய்' என்று கை தூக்கினார்கள். சரி என்று அடுத்ததைச் சொன்னேன்: 1921இல் நோய் வந்து கால்கள் செயலிழந்த ஒருவர், அதன் பிறகு நான்கு முறை அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயித்தார். மொத்தக் கூட்டமும் "பொய்ய்ய்!" ரூஸ்வெல்ட் என்று பேரைச் சொன்னேன். அதற்கும் ஒரு மாமா எழுந்து, "ஏம்மா, ரெண்டு தடவைக்கு மேல நிக்கவே முடியாதே, சட்டம் இருக்கே" என்றார். அந்தச் சட்டமே அவருக்கு அப்புறம்தான் வந்தது, 1951இல். நான் சொல்லி முடிப்பதற்குள் எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் வரிசைக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கும் அந்த மாமா என்னைப் பார்த்தால் "நாலு தடவை" என்று விரலைக் காட்டிச் சிரிக்கிறார்.

கரோல் பாக் பழைய புத்தகன்:
மாப்பிள்ளை, தப்பு உங்கள் பேரில்தான். பெரியவர் ஒன்றைச் சொன்னால் முகத்தை மாற்றாமல் "ஆமாம் மாமா" என்று ஏற்றிவிட்டிருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தின் ருசியே அதுதானே? ஆப்பிள் விளம்பரத்தில் கோட்டு சூட்டோடு 'பிசி' கம்ப்யூட்டராக நடித்த அதே ஆள்தான் எழுதியவர், அதே மூஞ்சியோடு படிக்க வேண்டும். என் ரூம்மேட் அதைப் படித்துவிட்டு அமெரிக்காவில் 51 மாநிலம் என்று ஆபீசில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான், அதோடு சரி. இனிமேல் யாருக்காவது கொடுப்பதாக இருந்தால்: முதல் பக்கத்திலிருந்து கொடுக்காதீர்கள். நேரே ஹோபோ பெயர்ப் பட்டியலுக்குப் போங்கள். ஹோபோ என்றால் அமெரிக்காவில் வேலை தேடிச் சரக்கு ரயிலில் திருட்டுத்தனமாக ஏறி ஊர் ஊராகப் போனவர்கள், 1930களின் பொருளாதார மந்த காலத்தில் பெருகினார்கள். இது நிஜம். பட்டியலில் இருக்கும் 700 பெயர்களும் ஆசிரியர் கட்டியவை. நம் ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அரை மணியில் விழுகிற பட்டப்பெயர்கள் மாதிரிதான். ஒரே மூச்சில் படித்தால் தலை சுற்றும், ராத்திரிக்கு இருபது போதும். வயதானவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பென்சிலை மட்டும் ஒளித்து வைத்துவிடுங்கள்.

ஆர்.கே.புரம் அக்கா:
அவர் கேட்டது இது இல்லையே தம்பி.

மயூர் விஹார் மாப்பிள்ளை:
பென்சில் என்றதும் எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஹோபோ பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பொடியாக ஒரு டிக். 700 இருக்கிறதா என்று சரிபார்த்திருக்கிறார். 312வது பெயரோடு டிக் நின்றுவிட்டது.