காமாலை வந்தது, வைரஸ் தானாகவே போனது: என் அனுபவம்

2013. எனக்கு 29 வயது. ஒருநாள் காலை பல் விளக்கும்போது கண்ணாடியில் பார்த்தால் கண் ரெண்டும் மஞ்சள். சிறுநீர் கட்டங்காப்பி நிறம். அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கரைத்து, வெறும் வயிற்றில் குடிக்க வைத்தார். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் சி, ரத்தம் வழியாகத் தொற்றி கல்லீரலைத் தாக்கும் வைரஸ். எங்கே தொற்றியது என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போதுள்ள மாத்திரைகள் அன்று இங்கே கிடையாது, இன்டர்ஃபெரான் ஊசிதான். "அதற்கு முன் மூன்று மாதம் பார்க்கலாம்மா. காமாலையோடு வந்தால் உடம்பு வைரஸை பலமாக எதிர்க்கிறது என்று அர்த்தம். பெண்களுக்குத் தானாக விலகும் வாய்ப்பும் கூடுதல்" என்றார் டாக்டர். மூன்றாம் மாதம், ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. சோதனை நெகட்டிவ். ஆறாம் மாதமும் அப்படியே. வீட்டில் எல்லோரும் கீழாநெல்லியைக் கொண்டாடினார்கள். நானும் நம்பினேன்.

-----

அக்கா, என் அண்ணனும் அதே கீழாநெல்லியை ஒரு மண்டலம் குடித்தான். வைரஸ் அளவு அசையவே இல்லை. அவனுக்குக் காமாலையே வந்ததில்லை. ரத்ததானம் செய்யப் போன இடத்தில்தான் தெரிந்தது. ஆறு மாதம் தாண்டிவிட்டால் தானாகப் போவது அபூர்வமாம். 2019-ல் அரசு மருத்துவமனையில் சோஃபோஸ்புவிர், டக்ளாட்டஸ்விர் இலவசமாகக் கொடுத்தார்கள். 12 வாரம் சாப்பிட்டான், குணமாகிவிட்டது. கீழாநெல்லியை நம்பி யாரும் நாள் கடத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

-----

நான் லேப்பில் வேலை பார்க்கிறேன். நூறு பேரில் 15 முதல் 45 பேருக்கு மருந்தில்லாமலே விலகும். அயர்லாந்தில் 1977-78-ல் வைரஸ் கலந்த ஆன்டி-டி ஊசி (ஆர்.எச். நெகட்டிவ் ரத்த வகைத் தாய்மார்களுக்குப் போடுவது) போடப்பட்ட தாய்மார்களைப் பல ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். தொற்றியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் உடம்பில் வைரஸ் இல்லை. போட்ட ஊசி ஒன்றுதான், உடம்புதான் வேறு வேறு. வைரஸ் எதிர்ப்போடு தொடர்புள்ள ஐ.எல்.28பி என்ற மரபணுவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு குறையும். அப்புறம் அக்கா, ஒருமுறை விலகினாலும் மறுபடி தொற்றலாம், ஊசி விஷயத்தில் கவனம்.

-----

சரி தம்பி, மனதில் வைத்துக்கொள்கிறேன். எதிர்ப்பொருள் சோதனை எனக்கு இன்னும் பாசிட்டிவ்தான் காட்டும்; அது வைரஸை அல்ல, முன்பு தொற்றியதற்கான அடையாளத்தைத்தான் பார்க்கிறது. பிரசவத்துக்குச் சேர்ந்தபோது அதைப் பார்த்துவிட்டு என் கட்டிலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பழைய ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டை அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து காட்டியபிறகுதான் பிய்த்தார்கள். அந்தத் தாளை இப்போதும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.