குடிக்கலாமா?

மகள், திருச்சி:
அம்மாவுக்கு 78 வயது, மறதி நோய். ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் போவேன். குளிப்பாட்டி, பொட்டு வைத்து, வாசல் பக்கம் உட்கார வைத்திருப்பார்கள். எனக்கும் திருப்தி.

ஒருநாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவள், சாயங்காலம் ஆறரைக்கு எட்டிப் பார்த்தேன். கேட்டிலேயே நிறுத்தினார்கள். மல்லுக்கட்டித்தான் உள்ளே போனேன். அம்மாவின் உதடு வெடித்திருந்தது. பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, கதவைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "குடிக்கலாமா?" என்றாள். எங்கள் தெருவையே அதட்டியவள் அவள்.

இடது மணிக்கட்டைச் சுற்றி, வளையல் அழுந்தின மாதிரி ஒரு சிவப்புத் தடம். வளையலைத்தான் சேர்க்கும்போதே கழற்றி வாங்கி வந்துவிட்டேனே! மேலாளரிடம் கேட்டால், "விழுந்துடுவாங்கன்னு துணியால லேசா கட்டினது. மத்ததெல்லாம் உங்கம்மா கற்பனை" என்றார். மறதி நோய்க்காரர் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற தைரியம்.

நான் சண்டை போடவில்லை. போட்டுவிட்டு வந்தால், ராத்திரி அம்மா அவர்கள் கையில்தானே இருப்பாள். போனில் படம் எடுத்து, அன்றே ஆட்டோவில் கூட்டி வந்து, அரசு மருத்துவமனையில் காட்டினேன். தடத்தைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். படங்களைவிட அந்த ஒரு வரிதான் பிறகு உதவியது.

முன்பு ஆயாவாக இருந்தவர்:
தங்கச்சி, அந்தத் தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியும். நாலு மணிக்கு மேல் கொடுக்காதே என்று சொல்லித்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். ராத்திரி 22 பேருக்கு நான் ஒருத்தி. ஆளுக்கு ஒரு டயப்பர், நனைந்தாலும் விடியும்வரை அதேதான். நானும் செம்பை எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். ஒரு பாட்டிக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, ஜுரத்தில் பிதற்றினார். வயசாயிருச்சு என்றார்கள். அடுத்த மாதம் நின்றுவிட்டேன். சம்பளப் பாக்கி இருந்ததால் புகார் கொடுக்கவில்லை, அது என் தப்பு. பொட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். போர்வையை விலக்கி குதிகாலையும் இடுப்புக்குக் கீழேயும் பாருங்கள், படுக்கைப்புண் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

மகன், ராமநாதபுரம்:
பாதுகாப்புக்குக் கட்டினோம் என்றாலே எனக்கு எங்கள் ஏர்வாடி ஞாபகம் வரும். 2001 ஆகஸ்ட் 6, அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் பிடித்த அதிகாலைத் தீயில் சங்கிலியோடு கிடந்த மனநோயாளிகள் 28 பேர் போனார்கள்.

என் அப்பாவை வீட்டிலேயே ஓர் ஆள் வைத்துப் பார்த்தோம். அப்பா பகலெல்லாம் தூங்கினார். ஆள் நல்ல அமைதி என்று மெச்சிக்கொண்டிருந்தோம். பத்து தூக்க மாத்திரை உள்ள அட்டை நாலு நாளில் காலியானபோதுதான் உறைத்தது. ராத்திரிக்கு ஒன்றுதான் கணக்கு.

புகாருக்கு ஒரு விஷயம்: பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டப்படி கோட்டாட்சியரிடம் போவது பெரும்பாலும் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க. இல்லத்தின் மீது என்றால் மாவட்ட சமூக நல அலுவலர். எங்கே போவது என்று புரியாவிட்டால் 14567, முதியோர் உதவி எண். காயம் இருந்தால் நேரே போலீஸ்.

மகள், திருச்சி:
சமூக நல அலுவலகத்தில் மனு கொடுத்தாயிற்று, ஆய்வுக்கும் போனார்களாம். அக்கா, ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆயா என்று சேர்க்கும்போது நான் கேட்கவே இல்லை. வெந்நீர் வருமா, டிவி இருக்கா என்றுதான் கேட்டேன்.