ஹாங்காங்ல அம்மாவோட நாலு நாள்: எந்த ஏரியால ரூம் போடறது?

அஸ்தம்பட்டி_அப்பா

எல்லாருக்கும் வணக்கங்க. சேலத்துல இருந்து எழுதறேன். இந்த வருசம் குடும்பத்தோட ஹாங்காங் போலாம்னு இருக்கோம். நான், வீட்டுக்காரம்மா, நாலாங்கிளாஸ் படிக்கிற பையன், கூட எங்கம்மா. அம்மாவுக்கு 68 ஆகுது, ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு, தட்டையான ரோடா இருந்தா மெதுவா ஒரு கிலோமீட்டர் நடந்துருவாங்க, படின்னா கைப்பிடியப் புடிச்சு ஒவ்வொண்ணா தான். போன மே மாசம் ஏற்காடு கூட்டிட்டுப் போனேன், சேர்வராயன் கோயில்ல குகைக்குள்ள குனிஞ்சு போக முடியாம வெளியவே நின்னு கும்புட்டுட்டு வந்தாங்க. அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், இவங்க கால் இருக்கும்போதே கடல் தாண்டி ஒரு ஊரக் காட்டிடணும்னு. அப்பா போற வரைக்கும் எங்கயும் கூட்டிட்டுப் போக முடியல, அது இன்னும் மனசுல இருக்கு.

இப்ப பிரச்சினை ரூம் தான். ரெண்டு வாரமா ராத்திரி உக்காந்து தேடறேன், ஒருத்தர் ஹாங்காங் தீவுப் பக்கம் தங்குன்றாரு, ஒருத்தர் கடலுக்கு எதிர்க்கரைல இருக்குற கவுலூன் பக்கம்ன்றாரு, தீவுல ஷியுங் வான்ல ஒரு ஹோட்டல் போட்டோல நல்லா இருக்கு, ஏர்போர்ட் பக்கம் டுங் சுங்ல ரேட் கம்மியா காட்டுது, கவுலூன்ல சிம் ஷா சுய்ல கடல் தெரியுற ரூம் கேட்டா தலை சுத்துது. நாலு பேருக்கும் சேத்து ஒரு ராத்திரிக்கு 12,000 வரைக்கும் போலாம். நாங்க சுத்த சைவம். காலாண்டு லீவுல, செப்டம்பர் கடைசில இருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள்ள போலாம்னு நினைப்பு. போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க, அம்மாவுக்கு எந்தப் பக்கம் சரியா வரும்?

-----

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

தம்பி, ஏரியாவ அப்புறம் பாக்கலாம், மொதல்ல தேதிய மாத்துங்க. நாங்க வெள்ளி வியாபாரம், செப்டம்பர் மாச நகைக் கண்காட்சிக்கு பல வருசமா போய்ட்டு வரேன். அந்தக் கண்காட்சி நாள்ல ஊர்ல நல்ல ரூம் எல்லாம் வெளிநாட்டு வியாபாரிங்க புடிச்சிருவாங்க, ரேட்டும் ஏறிரும். அது முடிஞ்சதும் அக்டோபர் 1 சீனாவோட தேசிய நாள், அந்த ஒரு வாரம் சீனால இருந்து ஜனம் வந்து குவியும், கடல் ஓரத்துல நடக்கக்கூட இடம் இருக்காது. முழங்கால் வலியோட வர்றவங்கள அந்தக் கூட்டத்துல நிறுத்தாதீங்க.

அதவிட முக்கியம் புயல். 2018 செப்டம்பர் 16 மங்குட் புயல் அடிச்சப்ப நான் அங்க தான் இருந்தேன். பத்தாம் நம்பர் சிக்னல் ஏத்திட்டாங்க, அதுக்கு மேல நம்பர் கிடையாது. நாள் பூரா ரூம்ல, ஜன்னல் கண்ணாடி நடுங்கிட்டே இருந்துச்சு, கொண்டு போன தட்டுவடையும் ரெடிமிக்ஸ் உப்புமாவும் தான் சாப்பாடு. 2023ல சவோலாவுக்கும் பத்து, 2025 செப்டம்பர்ல ரகாசாவுக்கும் பத்து. ஊர் பயப்படாது, ஏற்பாடு அவ்வளவு சுத்தம், ஆனா எட்டாம் நம்பர் ஏறிட்டாலே கடை அடைப்பாங்க, படகு நிக்கும், பஸ் நிக்கும். நாலு நாள் போறவங்களுக்கு அதுல ஒண்ணரை நாள் போனா என்ன மிச்சம் இருக்கும் சொல்லுங்க.

நவம்பர் போங்க. மழை கம்மி, வேர்வை கிடையாது, வானம் தெளிவா இருக்கும். பையனுக்கு மூணு நாள் ஸ்கூல் லீவு போட்டா போடுங்க, நாலாங்கிளாஸ் தானே.

-----

ஏற்காடு_மிளகுக்கொடி

அண்ணா சொன்னத அப்படியே ஏத்துக்கறேன். நான் கல்யாணம் ஆகி ஆறு வருசம் ஹாங்காங்ல இருந்தேன், இப்ப ஏற்காட்ல தான் இருக்கோம். மாமியார் வந்து தங்கினப்ப அவங்களக் கூட்டிட்டு ஊரெல்லாம் சுத்துனதுனால இந்தக் கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

தம்பி, ஷியுங் வான் ஹோட்டல எடுத்துடாதீங்க. போட்டோ நல்லா தான் இருக்கும். அந்தத் தீவு முழுக்க மலை, கடல் ஓரமா இருக்குற தட்டையான துண்டு பெரும்பாலும் கடலத் தூத்து எடுத்த நிலம். குயின்ஸ் ரோடு இருக்கே, அது தான் ஒரு காலத்துல கரை. டிராம் ஓடுற ரோடு வரைக்கும் தட்டையா இருக்கும், அதத் தாண்டி உள்ள போனா ஏத்தம் தான், லேடர் ஸ்ட்ரீட்னு ஒரு தெரு, தெருவே படிக்கட்டு. மேப்ல ஸ்டேஷன்ல இருந்து 300 மீட்டர்னு காட்டும், அந்த 300 மீட்டர்ல எத்தனை படின்னு அது சொல்லாது. நம்ம ஏற்காட்டு ரோட்ல 20 கொண்டை ஊசி வளைவுன்னா பஸ் ஏறிடும், அங்க நீங்க தான் ஏறணும். பக்கத்துல சென்ட்ரல்ன்ற ஏரியால மலை மேல போற எஸ்கலேட்டர் ஒண்ணு இருக்கு, 1993ல போட்டது, 800 மீட்டர் நீளம், காலைல பத்து மணி வரைக்கும் கீழ்நோக்கி மட்டும் தான் ஓடும், அப்புறம் தான் மேல. காலைல இறங்கி எதையோ மறந்துட்டு திரும்ப ஏறணும்னா படி தான். எங்க மாமியார் ஒரு தடவ அப்படி நடுப்படில உக்காந்து மூச்சு வாங்கினாங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு.

உங்களுக்கு நான் சொல்றது கவுலூன் பக்கம், ஜோர்டன் ஸ்டேஷன சுத்தி. நேதன் ரோடு நேரா தட்டையா போகும், ஃபுட்பாத் அகலம், ஏர்போர்ட்ல இருந்து ஏ21 டபுள் டெக்கர் பஸ் நேரா அந்த ரோட்லயே வருது, ஏறக்குறைய 35 ஹாங்காங் டாலர், லக்கேஜ் வைக்க கீழயே தட்டு இருக்கு. அம்மாவ கீழ உக்கார வச்சுட்டு பையன மேல கூட்டிட்டுப் போங்க, சிங் மா பாலத்துல பஸ் போறப்ப ரெண்டு பக்கமும் கடல் தெரியும், அத அவன் மறக்க மாட்டான். ஜோர்டன்ல நேபாளிங்க நிறைய, அதனால பருப்பு, மசாலா, மாவு விக்கிற கடை பக்கத்துலயே கெடைக்கும். தெக்க கொஞ்ச தூரம் நடந்தா கவுலூன் பார்க், நிழல், பெஞ்ச், பூநாரை கூட இருக்கு, அம்மா நடுவுல உக்காந்து எந்திரிக்கலாம். அப்படியே போனா சிம் ஷா சுய், கடல், மணிக்கூண்டு. ராத்திரி 8 மணிக்கு எதிர்ப்பக்க கட்டடத்துல எல்லாம் லைட் ஷோ, காசு கிடையாது. கடல் தெரியுற ரூமுக்கு குடுக்கற காச மிச்சம் பண்ணிட்டு தினம் அங்க போய் உக்காரலாம்.

ஸ்டார் ஃபெரின்ற படக மட்டும் விட்றாதீங்க. சிம் ஷா சுய்ல இருந்து சென்ட்ரலுக்கு பத்து நிமிசம் கூட ஆகாது. அத 1888ல கம்பெனியா ஆரம்பிச்சவரு டோராப்ஜி நவ்ரோஜின்ற பார்சிக்காரரு, நம்ம நாட்டுல இருந்து போனவரு, அம்மாகிட்ட சொல்லுங்க சந்தோசப்படுவாங்க. இறங்கினதும் கிழக்க போற டிராம் புடிச்சா வான் சாய், காஸ்வே பே எல்லாம் உக்காந்துட்டே பாத்துடலாம், எவ்வளவு தூரம் போனாலும் ஒரே டிக்கெட், மூணு டாலர் சொச்சம். ஹேப்பி வேலின்னு போர்டு போட்ட டிராம்ல போனா அந்தப் பக்கம் இந்துக் கோயில் ஒண்ணு இருக்கு, ஆனா கொஞ்சம் மேடு, டாக்ஸில போங்க.

நவம்பர்னா ஈரம் பிரச்சினை இல்ல. மார்ச் ஏப்ரல்ல யாராவது போங்கன்னு சொன்னா கேக்காதீங்க. ஐப்பசில எங்க எஸ்டேட்ல துணி மூணு நாள் காயாம வாசம் அடிக்குமே, அங்க அந்த மாசங்கள்ல சுவரே வேர்த்து வழியும், ஈரத்த உறிஞ்சுற டீஹியூமிடிஃபையர் மெஷின் இல்லாத வீடு கெடையாது. மூட்டு வலிக்காரங்களுக்கு அது ஆகாது.

-----

ஐந்துரோடு_பைக்கர்

வணக்கம் ப்ரோ, ரெண்டு விசயம் மட்டும் சொல்றேன், ஏன்னா நான் அனுபவிச்சு தெரிஞ்சுகிட்டது. ஒண்ணு, வீடு மாதிரி அபார்ட்மென்ட் வாடகைக்குன்னு ஆன்லைன்ல வரும், கிச்சன் இருக்கும், சைவக்காரங்களுக்கு ஆசையா இருக்கும். ஹாங்காங்ல 28 நாளுக்கு குறைவா தங்க விடணும்னா அந்த இடத்துக்கு ஹோட்டல் இல்லன்னா கெஸ்ட்ஹவுஸ் லைசென்ஸ் இருக்கணும், இல்லாம விடறது குற்றம். நான் அது தெரியாம ஒரு இடம் போட்டு, ஓனர் யாராவது கேட்டா சொந்தக்காரன்னு சொல்லுன்னு மெசேஜ் அனுப்பி, நாங்க போய் எறங்குன அன்னிக்கு போனையே எடுக்கல, பொண்டாட்டி பெட்டியோட ரோட்ல ரெண்டு மணி நேரம் நின்னா. லைசென்ஸ் உள்ள இடத்துல வாசல்லயே அதுக்கான முத்திரை ஒட்டியிருப்பாங்க, அரசாங்க சைட்ல பேரப் போட்டு தேடியும் பாக்கலாம்.

ரெண்டு, ரூம் காசு கட்டுறதுக்கு முன்னாடி ப்ரீ அரைவல் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது விசாவுக்குப் பதிலா முன்கூட்டியே போடற பதிவு, அதப் போட்டுடுங்க. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2017 ஜனவரில இருந்து அது கட்டாயம், காசு இல்ல, ஆன்லைன்ல உடனே ரிசல்ட் வந்துரும், பையனுக்கும் தனியா போடணும். ஆறு மாசம் செல்லும், ஒரு தடவைக்கு 14 நாள் வரைக்கும் இருக்கலாம். யாராவது ஒருத்தருக்கு மறுத்துட்டா அப்புறம் முறையா விசா தான், அதுக்கு வாரக்கணக்கா ஆகும். அதனால கேன்சல் பண்ண முடியாத ரூம மட்டும் முதல்லயே போட்டுடாதீங்க.

சுங்கிங் மேன்சன்ஸ் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, நேதன் ரோட்ல 17 மாடி, அஞ்சு பிளாக், உள்ள எத்தனையோ கெஸ்ட்ஹவுஸ். நான் தனியா போனப்ப அங்க தான் தங்குனேன், எனக்கு ரொம்ப புடிக்கும், உலகத்துல இருக்குற எல்லா ஊர்க்காரங்களையும் ஒரே லிஃப்ட் க்யூல பாக்கலாம். ஆனா அந்த லிஃப்ட் சின்னது, க்யூ பெருசு, அம்மாவுக்கு வேண்டாம். கீழ் மாடில இந்திய சாப்பாடு கெடைக்கும், அதுக்கு மட்டும் போங்க.

-----

குகை_பாலம்

எல்லாரும் ஜோர்டன்னே சொல்றீங்க, எனக்கு கொஞ்சம் வேற மாதிரி தோணுது. நாங்க எங்க அப்பா அம்மாவோட லாண்டாவ் தீவுல இருக்குற டுங் சுங்ல தங்குனோம். ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கு, ராத்திரி பூரா பறந்து களைச்சுப் போய் எறங்குற வயசானவங்கள இன்னும் ஒரு மணி நேரம் பஸ்ல வைக்க வேண்டியதில்ல. பெரிய புத்தர் சிலைக்கு போற கேபிள் கார் அங்க இருந்து தான் கிளம்புது, 5.7 கிலோமீட்டர், 25 நிமிசம். சிலை அடில 268 படி, எங்கப்பா ஏறல, கீழ இருந்தே 34 மீட்டர் புத்தர் நல்லா தெரியும், பக்கத்துல போ லின் மடத்துல சைவ சாப்பாடு போடறாங்க, அந்த நாலு நாள்ல அப்பா வயிறு நெறஞ்சு சாப்பிட்டது அங்க தான். டிஸ்னிலேண்டும் அந்தத் தீவுலயே. ரூமும் சிட்டிய விட பெருசா இருந்துச்சு.

-----

ஏற்காடு_மிளகுக்கொடி

குகை பாலம் சொல்றதும் நியாயம் தாங்க. ஆனா டுங் சுங்ல தங்கினா சாயந்தரம் அம்மா களைச்சுட்டாங்கன்னா உடனே ரூமுக்கு கூட்டிட்டு வர முடியாது, சிட்டில இருந்து ட்ரெயின்லயே அரை மணி நேரத்துக்கு மேல. வயசானவங்களோட போனா மதியம் ஒரு தடவ ரூமுக்கு வந்து கால நீட்டிப் படுக்கணும், அதுக்கு ரூம் நடுவுல இருக்கணும். வேணும்னா கடைசி ராத்திரிய மட்டும் டுங் சுங்ல வச்சுக்கோங்க, அன்னிக்கு புத்தரப் பாத்துட்டு மறுநாள் நிதானமா ஏர்போர்ட் போலாம்.

-----

அஸ்தம்பட்டி_அப்பா

எல்லாருக்கும் கை கூப்பி நன்றிங்க. மிளகுக்கொடி அக்கா சொன்ன மாதிரியே பண்றேன், மூணு ராத்திரி ஜோர்டன், ஒரு ராத்திரி டுங் சுங். தேதிய நவம்பர் ரெண்டாவது பாதிக்கு மாத்திட்டேன், வீட்டுக்காரம்மா ஸ்கூல்ல பேசறேன்னுட்டாங்க. அம்மாகிட்ட பார்சிக்காரர் படகு கதைய சொன்னேன், ஸ்வெட்டர் எடுத்துக்கவான்னு கேக்கறாங்க. ரூம் மட்டும் இன்னும் ஒரு சந்தேகம், நாலு பேரும் ஒரே ரூம்ல இருக்கலாமா? ஃபேமிலி ரூம்னு போட்டு 170 சதுர அடின்னு காட்டுது.

-----

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

170 அடில நாலு பேரும் நாலு பெட்டியும்னா நடக்க வழி இருக்காது தம்பி. சின்னதா ரெண்டு ரூம், பக்கத்து பக்கத்துல கேளுங்க, ஒண்ணுல அம்மாவும் பையனும். ரேட் பாக்கறப்ப சைட்ல காட்டுற தொகை மேல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 2025 ஜனவரில இருந்து 3 சதவீதம் ஹோட்டல் வரியும் சேரும், அது உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு பாத்துக்கோங்க. ஒரு ஹாங்காங் டாலர் நம்ம காசுக்கு 11 ரூபாய்க்கு மேல.

-----

ஏற்காடு_மிளகுக்கொடி

தம்பி, ரூம் போடறதுக்கு முன்னாடி ஹோட்டலுக்கு ஒரு மெயில் போட்டு நாலு கேள்வி கேளுங்க. ரோட்ல இருந்து லிஃப்ட் வரைக்கும் படி இருக்கா. பக்கத்து ஸ்டேஷன்ல எந்த எக்ஸிட்ல லிஃப்ட் இருக்கு, ஏன்னா எல்லா எக்ஸிட்லயும் இருக்காது, அந்த எக்ஸிட் எழுத்தக் குறிச்சு வச்சுக்கிட்டா நாலு நாளும் நிம்மதி. ரூம்ல கெட்டில் இருக்கா, இருந்தா காலைல அம்மாவுக்கு ஹார்லிக்ஸ் ஆச்சு. கடைசியா, பாத்ரூம்ல தொட்டி இருக்கா இல்ல தரையோட நின்னு குளிக்கிற ஷவரா. நிறைய ஹோட்டல்ல தொட்டிக்குள்ள கால தூக்கி வச்சு ஏறித்தான் குளிக்கணும், முழங்கால் வலிக்காரங்க வழுக்கி விழறது அங்க தான். எங்க மாமியாருக்காக நான் தங்குற இடம் பாத்தப்ப இந்த ஒண்ணுக்காக மட்டும் மூணு ஹோட்டல வேண்டாம்னேன். அப்புறம் டூத் பிரஷ், சோப்பு, சீப்பு எல்லாம் சேலத்துலயே எடுத்து வச்சுக்கோங்க, பிளாஸ்டிக் சாமான 2024 ஏப்ரல்ல இருந்து ஹோட்டல்ல சும்மா தர்றதில்ல. ஷவர் இருக்குற ரூம் அமைஞ்சதும் இங்க வந்து ஒரு வரி எழுதிடுங்க தம்பி, அது வரைக்கும் எனக்கு மனசு அடங்காது.