வடசென்னையிலேயே டிகிரி: காமர்ஸ் ஒருத்தி, பயாலஜி ஒருத்தன். எங்கெங்கே போடலாம்?

கொருக்குப்பேட்டை கேட்:
தங்கை பிளஸ் டூ காமர்ஸ், 600-க்கு 520. சித்தி பையன் பயாலஜி-மேத்ஸ் குரூப், நீட் எழுதவில்லை. ரெண்டு பேருமே ஆறாவதிலிருந்து மாநகராட்சிப் பள்ளி, தமிழ் வழி. ஹாஸ்டல் வேண்டாம், கொருக்குப்பேட்டையிலிருந்து தினம் போய்வரணும். அக்கம்பக்கத்தில் கேட்டால் "காலேஜ் எல்லாம் அந்தப் பக்கம்தான்" என்று மவுண்ட் ரோடு பக்கம் கை காட்டுகிறார்கள். இந்தப் பக்கம் உண்மையில் என்னென்ன இருக்கு, எதற்கு எப்படி விண்ணப்பிப்பது?

பிரகாசம் சாலை:
முதலில் தங்கச்சி விஷயம். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி (1964-ல் தொடங்கியது), வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி (1973), தண்டையார்பேட்டை பக்கம் ஆர்.கே.நகர் அரசு கலை அறிவியல் கல்லூரி. மூன்றும் அரசுக் கல்லூரி, இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் மட்டும்தான். கொஞ்சம் தள்ளிப் போகத் தயாரென்றால் பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரியும் உண்டு.

அரசுக் கல்லூரிகளுக்கு டி.என்.காசா (TNGASA) என்ற அரசு சேர்க்கைத் தளத்தில் ஒரே விண்ணப்பம், அதிலேயே பல கல்லூரிகளைத் தேர்வு செய்யலாம். கட்டணம் விண்ணப்பத்துக்கு 48, பதிவுக்கு 2, மொத்தம் 50 ரூபாய்தான் வாங்கி வருகிறார்கள். எஸ்.சி., எஸ்.டி. என்றால் 2 ரூபாய் மட்டும். பிரவுசிங் சென்டரில் 300, 400 கொடுத்துப் போட வேண்டியதில்லை, கல்லூரிகளிலேயே உதவி மையம் வைத்திருப்பார்கள்.

பலரும் ஏமாறுவது மதிப்பெண்ணில். தரவரிசைக்கு 600 பார்க்க மாட்டார்கள். மொழிப்பாடம் இரண்டையும் கழித்து, மீதி நான்கு பாடத்துக்கு 400. உங்கள் தங்கை 520-இல் தமிழ் 95, ஆங்கிலம் 90 என்றால் பி.காம். வரிசையில் அவள் மார்க் 335. அதே 520 எடுத்து மொழியில் 150 வாங்கிய பெண்ணுக்கு 370. "அவளும் 520தானே, அவளுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது" என்று கல்லூரி வாசலில் சண்டை போடுகிறவர்கள் பாதிப் பேருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. பி.ஏ. தமிழும் பி.ஏ. ஆங்கிலமும் மட்டும் விதிவிலக்கு, அவற்றுக்கு அந்தந்த மொழி மார்க்தான் வரிசை.

தரவரிசை கல்லூரிவாரியாகத் தனித்தனி. கலந்தாய்வு தேதியும் அப்படியே. நேரில் போகணும். முதல் நாள் மாற்றுத்திறனாளி, விளையாட்டு, முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள் போன்ற சிறப்புப் பிரிவு, பிறகுதான் பொது. போனுக்கு வரும் குறுஞ்செய்தியை மட்டும் நம்பாதீர்கள், கல்லூரித் தளத்தில் போடும் பட்டியலையும் தினம் பாருங்கள். தேதி தவறினால் இடம் மிஞ்சினால்தான் அடுத்த சுற்று.

ஜீவா ஸ்டேஷன்:
போக்குவரத்து பற்றி மட்டும். பாரதிக்கு கொருக்குப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் பீச் வரை. கும்மிடிப்பூண்டி மார்க்க வண்டி எல்லாமே பீச் போகாது. பல வண்டி பேசின் பிரிட்ஜ் வழியாக சென்ட்ரல் பக்கம் திரும்பிவிடும், பார்த்து ஏறணும். அம்பேத்கர் கல்லூரி மேப்பில் பக்கத்தில் தெரியும், ஆனால் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் அரக்கோணம் பாதையில் இருப்பதால் நேர் வண்டி இல்லை. பேசின் பிரிட்ஜில் மாறுவதற்குள் பஸ்ஸில் போய்விடலாம். பொன்னேரி தூரம்தான், ஆனால் காலையில் கூட்டம் இறங்குகிற திசைக்கு எதிர்த்திசை, உட்கார்ந்தே போகலாம். ஒரே தொல்லை, எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நடுவில் நின்றால் முதல் வகுப்பு போச்சு.

சீசன் டிக்கெட் பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரை இலவசம், கல்லூரியில் முதல்வர் கையெழுத்திட்ட படிவம் வாங்கி ஸ்டேஷனில் கொடுக்கணும். இது தெரியாமல் காசு கட்டிப் போகிற பிள்ளைகள் ஏராளம். அரசுக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு மாநகரப் பேருந்துப் பாஸும் இலவசம்.

பழைய வண்ணை:
"அந்தப் பக்கம்தான்" என்று சொல்கிறவர்களையும் குறை சொல்ல முடியாது. ஜார்ஜ் டவுனில் இருந்த கிறித்துவக் கல்லூரி 1937-ல் தாம்பரம் போனது. பச்சையப்பன் எஸ்பிளனேடில் மண்டபத்தை விட்டுவிட்டு சேத்துப்பட்டுக்கு. 1891-ல் தொடங்கிய சட்டக் கல்லூரியையும் 2018-ல் ஐகோர்ட் வளாகத்திலிருந்து எடுத்து பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரித்துவிட்டார்கள். போனது போக இங்கே வந்து நின்றவை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி (1938), தியாகராயா (1950), பிரகாசம் சாலை சொன்ன அரசுக் கல்லூரிகள்.

தியாகராயா கல்லூரியை யாரும் சொல்லவில்லையே? மெட்ரோ ஸ்டேஷனுக்கே அதன் பெயர்தான். அது அரசு உதவி பெறும் கல்லூரி, டி.என்.காசாவில் வராது. கல்லூரியிலேயே தனியாக விண்ணப்பிக்கணும். இந்த மாதிரிக் கல்லூரிகளில் ஒரே பி.காம். இரண்டு விதமாக ஓடும்: உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு. கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். சேர்க்கைக் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். "அப்புறம் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெண்களுக்கு மட்டும் என்றால் ஜார்ஜ் டவுனில் ஸ்ரீ கன்யகா பரமேஸ்வரி, பெரம்பூரில் செவாலியர் டி.தாமஸ் எலிசபெத் ஆகியவையும் இருக்கு. இரண்டும் தனியார். அரசுக் கல்லூரி வரிசை தெரிந்த பிறகு பார்த்தால் போதும்.

மாதவரம் பால்பண்ணை:
பையன் நீட் எழுதவில்லை என்பதால் கதவு மூடிவிடவில்லை. கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மார்க்கில்தான். நீட் அகில இந்திய 15 சதவீதத்துக்கு மட்டும். கால்நடைப் பல்கலைக்கழக அலுவலகம் எங்கள் மாதவரத்தில், ஆனால் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில். ஐந்தரை வருடப் படிப்பு, அதில் ஒரு வருடம் உள்ளிருப்புப் பயிற்சி. கணக்குப் பாடம் இருப்பதால் கோடுவெளியில் உள்ள உணவு, பால்வளத் தொழில்நுட்ப பி.டெக்.குகளுக்கும் போடலாம். அதே பல்கலைக்கழகம், ஆனால் பிரிவு வேறு. விண்ணப்பிக்கும்போது இரண்டையும் தேர்வு செய்தோமா என்று சரிபார்க்கணும்.

பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கு, பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் பட்டம்) நான்கு வருடம். காசிமேட்டைச் சுற்றி இத்தனை வீடு இருந்தும் நம் பிள்ளைகள் இதற்குப் போடுவதே இல்லை என்பது என் ஆதங்கம். இது நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. சமீப வருடங்களில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பொது விண்ணப்பமாக நடந்தது, இந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நர்சிங், பி.ஃபார்ம். மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு வழியாக, அதுவும் பிளஸ் டூ மார்க்தான். ஆக மூன்று இடத்தில் மூன்று விண்ணப்பம், மூன்று கடைசித் தேதி. ஒன்றில் போட்டால் மற்றதுக்குத் தானாகப் போகாது.

ஆறு முதல் பன்னிரண்டு வரை மாநகராட்சிப் பள்ளி என்றால் கால்நடை, மீன்வளப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அவனுக்கு உண்டு, கட்டணத்தை அரசே கட்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு தலைமை ஆசிரியரிடமும் படிப்புச் சான்று வாங்கணும். இலவசக் கட்டாயக் கல்விச் சட்ட இடத்தில் எட்டாவது வரை படித்ததைத் தவிர, ஒரு வருடம் தனியார் பள்ளியில் இருந்திருந்தாலும் ஒதுக்கீடு கிடையாது.

கொருக்குப்பேட்டை கேட்:
எல்லாருக்கும் நன்றி. தங்கை பி.காம். இங்கிலீஷ் மீடியம் எடுத்தால்தான் வேலை கிடைக்கும் என்கிறாள். அரசு வேலைக்கும் படிக்கப் போகிறாளாம். எதை எடுப்பது? 1,000 ரூபாய் உதவித்தொகைக்கு என்ன செய்யணும்?

பிரகாசம் சாலை:
குரூப் 2 மாதிரி டிகிரி கேட்கும் பதவிதான் குறி என்றால் யோசிக்கணும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு இப்போது பள்ளி, டிகிரி எல்லாமே தமிழ் வழியாக இருக்கணும். டிகிரியை ஆங்கில வழியில் எடுத்தால் அந்தப் பதவிகளுக்கு ஒதுக்கீடு போய்விடும். பத்தாவது தகுதி போதுமான குரூப் 4 பதவிகளுக்குப் பாதிப்பில்லை. தனியார் கம்பெனி, ஆடிட்டர் ஆபீஸ் என்றால் ஆங்கில வழி எடுக்கட்டும். எப்படியும் எந்தக் கல்லூரியில் பி.காம். தமிழ் வழி இருக்கு என்று விண்ணப்பத்திலேயே பாடத்தின் பக்கத்தில் காட்டும், இரண்டையும் தனித்தனியாக விருப்பம் கொடுக்கலாம்.

1,000 ரூபாய்: அவளுக்குப் புதுமைப் பெண் திட்டம், தம்பிக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகத்தான் பதிவு. பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் பேங்கில்: கணக்கு அவள் பெயரில் இருக்கணும், ஆதார் இணைப்பு மட்டுமல்ல, நேரடி மானியம் வரும் கணக்காக பேங்கில் பதிந்திருக்கணும். ஆதாரில் "எஸ்.", மார்க் ஷீட்டில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள், ஜூலையில் எல்லா மையமும் கூட்டம்.

பழைய வண்ணை:
ஒன்று விட்டுப்போச்சு. டி.சி. ஒரிஜினலை ஒரு கல்லூரியில் கொடுத்துவிட்டால் அடுத்த கல்லூரியில் அழைப்பு வரும்போது திரும்ப வாங்குவதற்குள் சீட் போய்விடும். பையன் கலைக் கல்லூரியில் இடம் பிடித்துவிட்டு வேப்பேரிக்குக் காத்திருப்பதாக இருந்தால், சேரும் நாளிலேயே அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். டி.சி.யைத் திரும்பப் பெற எழுத்தில் விண்ணப்பம், வேறு கல்லூரியின் ஒதுக்கீட்டு ஆணை நகல், கட்டிய ரசீது மூன்றையும் கேட்பார்கள். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.