இளவேனில் வந்துவிட்டது, கவிதைதான் வரவில்லை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் கவிதை எழுதி இரண்டு மாதமாகிறது. சரி, காலாற நடந்தாலாவது ஏதாவது தோன்றும் என்று ஒரு வாரமாக விடியற்காலையில் வெளியே போகிறேன். மொட்டை மரங்களில் செந்தளிர் விடுகிறது. குயிலும் கூவத் தொடங்கிவிட்டது. கவனித்துக் கேட்டால் ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிடச் சற்று மேலே ஏறுகிறது, உச்சிக்குப் போனதும் சட்டென்று நின்றுவிடுகிறது. (அப்படிக் கூவுவது ஆண் குயில்தான். நாம்தான் அதைப் பெண்ணாக்கிவிட்டோம், நானும் சேர்த்தி.) அந்த ஏற்றத்தை வரிகளில் பிடிக்க ஆசை. வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தால் 'குயில் கூவுகிறது' என்பதற்கு மேல் ஓடவில்லை!

எழுதும் முன் வசந்தா ராக ஆலாபனை கேட்கிறேன். பஞ்சமமே ('ப' என்ற ஸ்வரமே) இல்லாத ராகம், அந்த இடைவெளி எனக்குப் பிடித்திருக்கிறது. பாட்டு என்றால் அதன் சொற்கள் குறுக்கே வருகின்றன.

நடக்கும்போதே குறித்துக்கொள்வீர்களா, ஊறவிட்டு அப்புறம் எழுதுவீர்களா? இந்துஸ்தானி பகார் போல இந்தப் பருவத்துக்குரிய ராகங்கள், குழலிலோ வீணையிலோ கேட்க ஏற்றவை, வேறு என்ன இருக்கின்றன? பறவைக் குரலை ஃபோனில் பதிவு செய்து, பிறகு கேட்டு எழுதியவர்கள் இருந்தால் அது உதவியதா என்றும் சொல்லுங்கள்.